சவுண்ட் காணுமோ, அண்ணை?

இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. கோப்பாயிலிருந்து கைதடிப் பக்கம் போகிற தெரு. வீடுகள் முடிந்து, தோட்டங்களும் முடிந்து, இனி உப்புவெளிதான் என்கிற இடம். விளக்கு இல்லை, நிலவும் இல்லை. வைகாசி மாதத்து வறண்ட காற்று... அதில் சேற்று மணம். தெருவோரத்து வடலிப்பனை ஒன்றில் ஒரு லவுட்ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது, ஊமத்தம்பூ மாதிரி வாயைத் திறந்துகொண்டு. அதை நோக்கி ஒரு மனிதன் தனியே நடக்கிறான். கையில் வயர்ச் சுருள்.

பொறுங்கள். எல்லோரும் படங்குக்குள் கிட்ட வந்து இருங்கள், நனையாதீர்கள். இந்த மழை விடுகிற மழை இல்லை.

இன்றைக்கு ஒரு கச்சேரி மழையால் கெட்டதற்கு என்ன புலம்பல்! பார்த்த கச்சேரியைப் பற்றி ஒருவன் புளுகுகிறான், பார்க்காத கச்சேரிக்கு இன்னொருவன் அழுகிறான். இந்தத் தம்பிஐயா சொல்கிறான், சிமியோனின் கடைசிக் கச்சேரியில் தான் முன்வரிசையில் இருந்தானாம். ஏனப்பா, எழுபத்துமூன்றாம் ஆண்டு உனக்குப் பால்பல் விழுந்து முடிந்ததா? அந்தக் கச்சேரிக்குப் போனேன் என்று சொல்கிறவர்களை எல்லாம் கூட்டி நிறுத்தினால் கோப்பாயில் இடம் காணாது.

நான் போகவில்லை. அம்மாள் வருத்தம் கண்டு, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலைக்குள் கிடந்தேன். தவறவிட்டேனே என்று கனகாலம் மனம் எரிந்தது. பிறகு ஒருநாள் என் கூட்டாளி செல்வரட்ணம் தன் அம்மானுக்கு நடந்ததைச் சொன்னான். அதற்குப் பிறகு எரியவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், இடையில் ஒருவரும் எழும்பிப் போகக் கூடாது.

அம்மானின் பெயர் முத்துக்குமாரு. சுன்னாகத்தில் லவுட்ஸ்பீக்கர் செற் வைத்திருந்தவர். கலியாணம், திருவிழா, கார்னிவல், எதுவென்றாலும் அவர்தான். லைற் எஞ்சின், அம்பிளிபயர், மைக், வயர், எல்லாம் சொந்தம். செல்வரட்ணம் அவருடைய தமக்கை மகன், அவரோடுதான் வேலை. மனிதர் கெட்டிக்காரர், ஆனால் ரோசக்காரர். ஒரு சொல் சொன்னால் ஒன்பது வருஷம் வைத்திருப்பார்.

சிமியோன் குருநகர்ப் பொடியன். கடற்தொழில் குடும்பம். தகப்பன் கடலோடு போய்விட்டார். தாய் செபஸ்தியம்மா, தமையன் யாகப்பு. யாகப்பு பழைய ரேடியோக்களை உடைத்து அவற்றின் குழல்களை வைத்துத் தம்பிக்கு ஒரு அம்பிளிபயர் செய்து கொடுத்தான். சிமியோன் சிவப்புக் கிற்றாரை அதில் கொழுவி ஒரு தட்டுத் தட்டினால் தகரக் கூரை அதிரும். இங்கிலீசு ரொக் பாட்டும் பாடுவான், பைலாவும் பாடுவான், கடலைப் பற்றித் தாங்களே கட்டிய பாட்டும் பாடுவான். தோள்வரை தலைமயிர், கறுத்தச் சப்பாத்து. பாட்டைத் தொடங்குமுன் ஒரு வழக்கம் அவனுக்கு. செற்காரர் இருக்கிற பக்கம் திரும்பி மைக்கில் கேட்பான், "அண்ணை, சவுண்ட் காணுமோ?" சத்தம் போதும் என்று செற்காரர் கையை உயர்த்தினால்தான் தொடங்குவான். மரியாதை தெரிந்த பொடியன்.

ஆனால் வாய் சும்மா இராது. ஒருமுறை வட்டுக்கோட்டையில், சனம் நிறைந்த கச்சேரியில், முத்துக்குமாருவின் செற் கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. எந்த முறுக்கியைத் திருப்பினாலும் நிற்கவில்லை. சிமியோன் சிரித்துக்கொண்டே மைக்கில் சொன்னான், அண்ணையின் பெட்டிக்குள் யாரோ பூனையைப் பூட்டிவிட்டார்கள், திறந்துவிடுங்கள் என்று. சனம் உருண்டு புரண்டு சிரித்தது.

அவ்வளவுதான். அடுத்த கிழமையே அவர் ‘பூனை’ முத்துக்குமாரு. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கப் போனால் மூட்டைக்குப் பின்னாலிருந்து யாராவது மியாவ் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வீட்டில் அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவாராம். "உவனுக்கு ஒருநாள் இருக்கு" என்று மட்டும் சொல்வாராம். செல்வரட்ணம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகுதான் கோப்பாயில் அந்த வைகாசிப் பொங்கல். கோயில் பெயர் வேண்டாம். செற் முத்துக்குமாருவினுடையது, கச்சேரி குருநகர்ப் பொடியளுடையது. செம்பாட்டு மண்ணை அணைத்து மேடை போட்டு, மேலே பனையோலைப் பாய் விரித்திருந்தார்கள். புழுதி கிளம்பாமல் இருக்கப் பின்னேரமே கிணற்றுத் தண்ணீர் இறைத்து வீதியையும் மேடையையும் நனைத்துவிட்டார்கள். பொடியள் வந்திறங்கியபோது கோயில்காரர் ஒருவர் வாசலிலேயே மறித்தார். கோயில் வீதிக்குள் சப்பாத்து வேண்டாம் என்று தன்மையாகத்தான் சொன்னார். சிமியோன் ஒரு கதையும் கதைக்கவில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் ஏறினான்.

சவுண்ட் காணுமோ என்று கேட்டான். முத்துக்குமாரு கையை உயர்த்தினார்.

முதல் பாட்டு, கடல் பாட்டு. இரண்டாவது அடியில் அவன் மைக்குக்குக் கிட்டப் போனான். உதடு மைக்கில் பட்டது... உடம்பு ஒருமுறை விறைத்தது. பிறகு துள்ளத் தொடங்கினான். தலைமயிர் பறக்க, கிற்றாரை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி. சனம் என்ன நினைத்தது? ஆட்டம் என்று நினைத்தது. விசில் அடித்தது, கை தட்டியது. இன்னும் ஆடு, இன்னும் ஆடு என்று கத்தியது. தம்பிஐயா, நீ முன்வரிசையில் இருந்தாய் என்றால் நீயும்தான் தட்டியிருப்பாய்.

எஞ்சின் நின்றபோது அவன் பாயில் கிடந்தான். பாய் கருகின மணம் கடைசி வரிசைவரை வந்ததாம்.

மரண விசாரணையில் முத்துக்குமாரு சத்தியம் செய்து சொன்னார். ஏர்த் கம்பி ஒழுங்காகக் கட்டியிருந்ததாம். அதுதான், கரண்ட் கசிந்தால் மனிதனில் ஏறாமல் நிலத்துக்குள் இறங்கச் செய்கிற கம்பி. தன் செற்றில் ஒரு பிழையும் இல்லையாம், தமையன் செய்த உடைசல் பெட்டிதான் பொடியனைக் கொன்றதாம். விசாரணைக்கு வந்தவர்கள் போய்ப் பார்த்தபோது கம்பி கட்டித்தான் இருந்தது. எல்லோரும் நம்பினார்கள்.

யாகப்புவும் நம்பினான். அதுதான் பெரிய கொடுமை. தன் கையால் செய்த பெட்டி தன் தம்பியைத் தின்றுவிட்டது என்று நம்பினான். தாய் அதைவிட மோசம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு செபஸ்தியம்மா மூத்த மகனின் முகத்தைப் பார்க்கவில்லை, அவனோடு கதைக்கவில்லை, அவன் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கவில்லை. ஒரு வருஷம். உள்ள பிள்ளையையும் உயிரோடு புதைத்துவிட்டு இருந்தாள் மனிசி. நினைத்தால் எனக்கு இப்போதும் கொதிக்கிறது.

அடுத்த வைகாசி வந்தது. அதே கோயில், அதே பொங்கல். அந்த வருஷம் கிற்றார் கச்சேரி வைக்கவில்லை, வில்லுப்பாட்டு மட்டும். செற் முத்துக்குமாருவுடையது. என்ன துணிவு பாருங்கள்.

வில்லுப்பாட்டு முடிந்து சனம் கலைந்தது. எஞ்சினை நிறுத்தினார்கள். கோயிலடியில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களை எல்லாம் கழற்றிச் செல்வரட்ணம் மாட்டுவண்டியில் குப்புறக் கவிழ்த்து அடுக்கினான். தெரு வழியே கைதடிப் பக்கம் வயர் இழுத்துக் கட்டிய ஒரு ஸ்பீக்கர் மட்டும் மிச்சம். ஊர்க்கோடிவரை கேட்கவேண்டும் என்று அப்படித் தூரத்தில் கட்டுவது வழக்கம். விடியும்வரை விட்டால் யாரும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மான் தானே புறப்பட்டார். வயரை அம்பிளிபயரிலிருந்து பிடுங்கி, அந்த நுனியிலிருந்தே கையிலும் முழங்கையிலும் சுற்றிச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு இருட்டுக்குள் நடந்தார். இதைக் கவனியுங்கள். வயரின் நுனி அவர் கைச் சுருளில்தான். எஞ்சின் ஆறிப்போய் வண்டியில் இருக்கிறது. எதுவும் எதோடும் தொடுப்பு இல்லை.

செல்வரட்ணம் வண்டிச் சில்லில் சாய்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தான்.

ம்ம்ம்ம்ம்...

சன்னமான இரைச்சல். வண்டு என்று நினைத்தான். இல்லை. அது வண்டிக்குள்ளிருந்து வந்தது. குப்புறக் கிடந்த ஸ்பீக்கர்களுக்குள்ளிருந்து. மாடு இரண்டும் காதை விறைத்துக்கொண்டு எழும்பி நின்றன.

டொக்... டொக். யாரோ மைக்கில் விரலால் தட்டுகிறார்கள். பிறகு கிற்றார் நரம்பு. ஒன்று... மெதுவாகச் சுருதி கூட்டி, அடுத்தது... அடுத்தது.

பனையோலை கருகுகிற மணம் வந்தது.

"அண்ணை, சவுண்ட் காணுமோ?"

சிமியோனின் குரலை யாழ்ப்பாணத்தில் தெரியாதவன் யார்? பிறகு அதே ஸ்பீக்கர்களில் இன்னொரு குரல் கேட்டது. மூச்சு வாங்குகிற குரல். அது அம்மானுடையது. அரைக் கட்டை, அரை மைல் தூரத்தில், மைக் இல்லாமல், தெருவில் நிற்கிற மனிதரின் குரல்.

"ஆரடா அது?"

"அண்ணை, சவுண்ட் காணுமோ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. உன்ரை கொண்ணை யாகப்புவின்ரை பெட்டியிலைதான் பிழை."

கிற்றாரில் ஒரே ஒரு அடி விழுந்தது. வண்டி முழுக்க அதிர்ந்தது. அதற்குமேல் அம்மான் அலறின அலறல்... செல்வரட்ணம் அதைச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்வான். அலறல் ஓய்ந்தபோது சிமியோன் மறுபடி கேட்டான். கோபம் இல்லை. அன்றைக்குக் கேட்ட மாதிரியே, மரியாதையாக.

"அண்ணை, சவுண்ட் காணுமோ?"

"சொல்லுறன்... சொல்லுறன் தம்பி. ஏர்த் கம்பியைக் கழட்டினது நான்தான். உன்ரை பெட்டியிலை கொஞ்சம் கசியிறது எனக்குத் தெரியும். ஒருக்கா உதறட்டும், சனம் உன்னைப் பாத்துச் சிரிக்கட்டும் எண்டுதான் செய்தனான். நீ எப்பவும் சப்பாத்தோடைதானே நிக்கிறனீ."

"பிறகு?"

"நீ வெறுங்காலோடை ஏறினதைக் கண்டனான்."

"பிறகு?"

மூச்சுச் சத்தம் மட்டும். நீளமாக.

"சுவிச்சிலை கை வைச்சுக்கொண்டு நிண்டனான். நிப்பாட்டேல்லை. இன்னும் கொஞ்சம் துள்ளட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். எல்லாம் முடிஞ்ச பிறகு, சனம் உன்னைத் தூக்கேக்கை, போய்க் கம்பியைத் திருப்பிக் கட்டினனான்."

கோப்பாயில் அந்த நேரத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. அம்மானின் குரல் வண்டிக்குள் மட்டும் கேட்கவில்லை. கைதடிப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து தோட்டம், கிணறு, வீடு வாசல் எல்லாம் தாண்டிக் கேட்டது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள்கூட வாசற்படலைக்கு வந்துவிட்டார்கள்.

"இப்ப காணும், அண்ணை."

பாட்டுத் தொடங்கியது. முதலில் இருந்து அல்ல. போன வருஷம் எந்த இடத்தில் நின்றதோ, அந்த அடியின் நடுவில் இருந்து.

செல்வரட்ணம் ஓடினான். சனமும் ஓடியது. என்னதான் செய்திருந்தாலும் தாயோடு பிறந்தவர் அல்லவா, வண்டியில் கிடந்த காய்ந்த மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு ஓடினான். தடியால் வயரைத் தட்டிவிட்டால் தப்பிவிடுவார் என்று நினைத்தான்.

வடலிக்குக் கீழே, தெருவின் நடுவில், அம்மான் துள்ளிக்கொண்டிருந்தார். வயர்ச் சுருளை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி. விட முடியவில்லை. சுருளிலிருந்து தொங்கிய நுனி தரையில் சும்மா இழுபட்டது. மழை காணாத தெரு, ஆனால் அவர் காலைச் சுற்றி மட்டும் செம்மண் சேறாகக் குழைந்திருந்தது. பத்துப் பதினைந்து டோர்ச் வெளிச்சம் அவர் முகத்தில். கண் திறந்திருந்தது. செல்வரட்ணத்தைக் கண்டார். வாய் அசைந்தது.

செல்வரட்ணம் கிட்டப் போய்த் தடியை ஓங்கினான். தடி கையிலிருந்து விழுந்தது. ஏன் விழுந்தது என்று குனிந்து பார்த்தான்.

அவன் கை தட்டிக்கொண்டிருந்தது.

நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. திரும்பிப் பார்த்தான், எல்லோரும் தட்டுகிறார்கள். டோர்ச்சுகளைக் கீழே போட்டுவிட்டுத் தட்டுகிறார்கள். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் ஐயோ ஐயோ என்கிறது, கை மட்டும் தட்டுகிறது. போன வருஷம் தட்டின அதே சனம். பாட்டு முழுக்க முடிகிறவரை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. கடைசி நரம்பின் அதிர்வு உப்புவெளியில் போய் அடங்கினபோதுதான் கைகள் விழுந்தன. அம்மானும் விழுந்தார்.

அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அதைப் போல ஒரு வாசிப்பை உயிரோடிருக்கிற ஒருவனும் வாசிக்கமாட்டான் என்று செல்வரட்ணம் சொல்வான். அதைச் சொல்வதற்கு அவனுக்கு வெட்கம், ஆனாலும் சொல்வான்.

பிரேதத்தை வீட்டில் கிடத்தினார்கள். விடியுமுன் செல்வரட்ணம் சைக்கிளை எடுத்தான். செத்தவீட்டு வேலை எவ்வளவு கிடந்தது! அதையெல்லாம் விட்டுவிட்டுக் குருநகருக்கு உழக்கினான். யாகப்புவிடம் உண்மையைச் சொல்லவேண்டும், மற்றவர்கள் சொல்லுமுன் தான் சொல்லவேண்டும் என்று ஒரு பிடிவாதம். அவன் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கடற்கரையில் வள்ளங்கள் இன்னும் கரை சேரவில்லை. கோப்பாய்ச் செய்தி அங்கே ஒருவருக்கும் தெரியாது.

படலை திறந்திருந்தது. உள்ளே, அடுப்படி வாசலில், யாகப்பு நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. செபஸ்தியம்மா பக்கத்தில் இருந்து அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

செல்வரட்ணம் உள்ளே போகவில்லை. படலையில் நின்றபடி தான் யார் என்று மட்டும் சொன்னான். மனிசி எழும்பி வந்தாள். கோபப்படவில்லை.

"தெரியும் தம்பி. சிமியோன் ராத்திரி வந்தவன். தனிய வரேல்லை. உம்மடை அம்மானைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவன். அந்தாள் எல்லாத்தையும் என்ரை வாசலிலை நிண்டு திருப்பிச் சொன்னது. பிறகு மன்னிப்புக் கேட்டது."

செல்வரட்ணம் மெதுவாகக் கேட்டான், "நீங்கள் என்ன சொன்னீங்கள், அம்மா?"

"குடுக்கேல்லை. சிமியோனுக்குப் பாட்டு முடிஞ்சுது, அவன் போயிட்டான். உம்மடை அம்மானுக்குப் போக வழியில்லை. நான் குடுத்தால்தான் போகலாம். குடுக்கமாட்டன்."

சொல்லிக்கொண்டே அவள் செல்வரட்ணத்தின் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தாள். கூப்பிடாமல் வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.

செல்வரட்ணம் திரும்பிப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. குருநகர் மணல் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. அவனுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, இரண்டு வெறுங்கால் தடம். கோப்பாய்ச் செம்மண். பெருவிரல்கள் படலையைப் பார்த்தபடி...

அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, குதிக்கால் கொஞ்சம் உயர்ந்து, விரல்கள் மணலுக்குள் அழுந்தின. எட்டிப் பார்க்கிறவனுக்கு அழுந்துவது போல.